அக்கா கொடுத்த அமெரிக்க கார்ட்லெஸ் போனுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது: வழக்குத் தொடரலாமா?

கேள்வி: கும்பகோணத்தில் சிறிய தங்கும் விடுதி நடத்துகிறேன். அமெரிக்காவிலிருந்து என் அக்கா கொண்டுவந்த கார்ட்லெஸ் போனை வரவேற்பிலும் மாடிகளிலும் வைத்திருக்கிறோம். எதிர்க் கட்டடத்துச் செல்போன் கோபுரத்துக்கு அது இடையூறு செய்வதாகச் சொல்லி, அதிகாரிகள் வந்து சோதித்து நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கோபுரத்தின் கதிர்வீச்சைப் பற்றி நாங்கள் கொடுத்த மனுக்களுக்குப் பதிலே இல்லை. ஒரு சின்னப் போனுக்கு இவ்வளவு நடவடிக்கையா? வழக்குத் தொடரலாமா?

பதில்: தொடர வேண்டாம். உங்கள் கடிதத்தில் சட்டத்துக்குத் தேவையான செய்தி ஒன்றுதான்: அந்தக் கருவி எந்த அலைவரிசையில் இயங்குகிறது, அதற்கு இந்தியாவில் உபகரண வகை ஒப்புதல் (அந்த மாடலை இங்கே பயன்படுத்தலாம் என்ற அரசுச் சான்று) உண்டா என்பது. பெட்டியில் 'டெக்ட் 6.0' (டெக்ட் என்பது கார்ட்லெஸ் போன்களின் ஒரு தொழில்நுட்ப முறை) என்று அச்சிட்டிருந்தால் அது 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் வரையில் இயங்குவது. அமெரிக்காவில் அது கார்ட்லெஸ் போனுக்கு அனுமதிக்கப்பட்ட இடம். இங்கோ 1920 முதல் 1980 வரையிலான பகுதி, செல்போன்களிலிருந்து கோபுரத்துக்குச் செல்லும் சமிக்ஞைக்காக நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்டது. இந்தியாவுக்கான டெக்ட் போன்கள் 1880 முதல் 1900 வரையில் இயங்குபவை.

'சின்னப் போன்' என்ற வாதமும் உதவாது. யாரும் பேசாத நேரத்திலும், மின்இணைப்பில் இருக்கும் அடிப்பெட்டியான பேஸ் யூனிட் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். தொலைவிலுள்ள செல்போன்களின் மெல்லிய சமிக்ஞையைப் பிடிக்கவேண்டிய கோபுரம் அதே அலைவரிசையில் உங்கள் கருவியையும் கேட்கிறது. கோபுரம் மிக அருகில் இருக்கிறது என்று நீங்கள் குறைப்படுவதே, இடையூறு இவ்வளவு வலுவாகத் தெரிவதற்கும் காரணம். கதிர்வீச்சு பற்றிய மனு வேறு விஷயம். கோபுரக் கதிர்வீச்சுக்கான தொலைத்தொடர்புத் துறையின் 'தரங் சஞ்சார்' இணையதளத்தில் கட்டணம் செலுத்தி அளவீடு கேட்கலாம். அதை இந்த நோட்டீஸுக்கான பதிலில் கலக்காதீர்கள்.

'அது அக்காவின் பொருள், விலைக்கு வாங்கியதல்ல' என்று பதில் எழுதலாம் என நீங்கள் நினைக்கலாம்; அதுவும் உதவாது. 1933ஆம் ஆண்டு இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டத்தில், உரிமமோ விலக்கோ இல்லாமல் கருவியை வைத்திருப்பதே குற்றம். உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள இடத்தில் அது இருந்தால் உங்கள் வசம் இருந்ததாக நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்று 6ஆம் பிரிவு சொல்கிறது. வானொலி அலையில் இயங்கும் கருவியை வைத்திருக்க அனுமதி வேண்டும் என்ற அந்த அடிப்படையை 2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டமும் மாற்றவில்லை.

இனி நான் அஞ்சுவதைச் சொல்கிறேன். இப்படி வருகிற கட்சிக்காரர்களைச் சிக்கவைப்பது பெரும்பாலும் கருவியல்ல, நோட்டீஸுக்குப் பிறகு அவர்கள் செய்யும் காரியம். ஒருவர் கோபத்தில் மூன்று பக்கப் பதில் எழுதி, 'பல வருடங்களாகப் பயன்படுத்துகிறேன், இதுவரை யாரும் கேட்கவில்லை' என்று கையெழுத்திட்டுத் தருகிறார். தொலைத்தொடர்புத் துறை நிரூபிக்கவேண்டியதை அவரே ஒப்புக்கொண்டுவிடுகிறார். இன்னொருவர் போட்ட பணத்தை எடுக்க வேண்டுமென்று அதைப் பழைய பொருளாக விற்கிறார். அதன்பின், தெரியாமல் வைத்திருந்தேன் என்று அவரால் சொல்லவே முடியாது, வாங்கியவரும் சிக்கலில் மாட்டுகிறார். மூன்றாமவர் அதிகாரிகள் போனதும் மறுபடி இணைக்கிறார். அளவீட்டுக் கருவியுடன் அவர்கள் திரும்பி வருவது கடினமில்லை. முதல் முறை எச்சரிக்கையோடு முடிந்திருக்கக்கூடிய விஷயம் இரண்டாம் முறை வேண்டுமென்றே செய்ததாகிவிடும். உள்ளூர் மெக்கானிக்கிடம் 'அலைவரிசையை மாற்றிக்கொடு' என்று கேட்பவர்களும் உண்டு. திறந்து மாற்றிய கருவிக்கு எந்த நாட்டு ஒப்புதலும் பொருந்தாது. பின்புறமுள்ள அமெரிக்க ஒப்புதல் எண்ணைப் படமெடுத்து இணைப்பதும் வீண். கருவி அமெரிக்காவுக்கானது என்பதற்கு அதுவே சான்றாகிவிடும்.

ஆகவே சமரசமாக முடித்துக்கொள்ளுங்கள். இன்றே பேஸ் யூனிட்டின் மின்இணைப்பை எடுத்துவிட்டு, ஹேண்ட்செட்டுகளின் பேட்டரிகளையும் கழற்றி, எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வையுங்கள். யாருக்கும் கொடுக்காதீர்கள், உடைத்தும் எறியாதீர்கள். நோட்டீஸில் குறித்த கெடுவுக்குள், கருவி நிறுத்தப்பட்டுவிட்டது, மீண்டும் இயக்கப்படாது, துறை கேட்டால் ஒப்படைக்கத் தயார் என்று மட்டும் சுருக்கமாகப் பதில் எழுதுங்கள். அனுப்புமுன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். சோதனை நாளில் அதிகாரிகள் மகஜர் (சோதனையில் நடந்ததைக் குறிக்கும் பதிவு) எழுதியிருந்தால் அதன் நகலையும் அவரிடம் கொடுங்கள், ஏனெனில் அதில் நீங்கள் சொன்னதாக எழுதப்பட்டிருப்பதற்கு முரணாகப் பதில் போய்விடக்கூடாது. விடுதிக்குப் புதிய போன் வாங்கும்போது இந்திய ஒப்புதல் உள்ளதா என்று கேட்டு, மாடல் எண்ணுடன் பில் வாங்கி, இந்தக் கோப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.