தேரோடும் வீதியில் மரம் நடலாமா?

லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் படிக்கும் மாணவர்கள் சிலர் இந்தப் பருவத்தில் திருவாரூரின் பொது இடங்களை வடிவமைக்கிறார்கள். அவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

மேடம், நான்கு தேர்வீதிகளிலும் இருபுறமும் நிழல்மரம், நடுவில் பூந்தொட்டி வரிசை போட்டிருக்கிறோம். சரிதானா?

பங்குனியில் தியாகராஜர் கோயிலின் ஆழித்தேர் வரும்போது பூந்தொட்டியை எங்கே தூக்கி வைப்பீர்கள்? அலங்காரத்தோடு 96 அடி உயரம், எடை 300 டன்னை ஒட்டி. நேர்வீதியில் பெரிய சிக்கல் இல்லை, திருப்பத்தில்தான் எல்லாம். முட்டுக்கட்டை கொடுத்து, இரும்புத் தகட்டில் மசகு தடவி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார்கள். வடம் பிடிக்கும் கூட்டமும் அங்கேயே வளைந்து நிற்க வேண்டும். அதனால் நான்கு மூலையிலும் நிரந்தரமாக எதையும் நடாதீர்கள். மரங்களைச் சந்து முகப்புகளுக்கும் குளக்கரைக்கும் கொண்டுபோங்கள்.

மின்கம்பியை நிலத்தடியில் போகும் கேபிளாகக் காட்டுங்கள். தஞ்சாவூர் களிமேட்டில் 2022 ஏப்ரலில் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். அப்புறம், சாலை மட்டம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டால் வீட்டுவாசல் பள்ளமாகும், கம்பிக்கும் தேருக்கும் இடைவெளி குறையும். குறுக்குவெட்டுப் படத்தில் மட்டத்தை எண்ணோடு எழுதுங்கள்.

கோயில் குளமான கமலாலயத்தில் வண்ண விளக்கு, நீரூற்று, செல்ஃபி மேடை?

வேண்டாம். ‘கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி’ என்பது ஊர்ச்சொல். வேலிக்கு ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல் என்றால் 33 ஏக்கர் தண்ணீர், நடுவில் ஒரு கோயில். அதற்கு மேல் நீரூற்று எதற்கு? தண்ணீர் வரும் வாய்க்காலையும் வெளியேறும் வழியையும் முதலில் வரையுங்கள். பல மாணவர் படங்களில் குளம் வெறும் நீலச் செவ்வகமாக இருக்கிறது. உட்கார படிக்கட்டே போதும். படியிறங்க முடியாத பெரியவர்களுக்குக் கரையில் நிழலோடு திண்ணை வையுங்கள். சாய்தளம் போட்டால் 1:12, அதாவது ஒரு மீட்டர் ஏற 12 மீட்டர் நீளம். இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டு வரையுங்கள்.

என்ன மரம் நடலாம்?

புங்கை, பூவரசு, வேம்பு. 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது, அதனால் கிளை எளிதில் முறியும் மயில்கொன்றையை (குல்மோகர்) நடைபாதையில் வைக்காதீர்கள். குஜராத் 2023இல் தடை செய்த கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தின் பக்கமே போக வேண்டாம். கன்றைச் சுற்றிக் கூண்டு அவசியம். உங்கள் படத்தில் ஆடு இல்லை, ஊரில் இருக்கிறது.

மக்களிடம் என்ன கேட்பது? படிவம் தயாரித்திருக்கிறோம்.

‘என்ன வேண்டும்?’ என்று கேட்டால் பூங்கா, பெஞ்சு, ஊஞ்சல் என்றுதான் பதில் வரும். படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, விடிகாலை, பள்ளி விடும் நேரம், இரவு ஒன்பது மணி என்று போய், யார் எங்கே நிற்கிறார்கள் என்று வரைபடத்தில் புள்ளி வையுங்கள். பூக்காரம்மா மூன்று மணிக்குக் குடையை எந்தப் பக்கம் சாய்க்கிறார் என்று பாருங்கள், நிழல் எங்கே தேவை என்று அதுவே சொல்லும். எத்தனை மணிக்கு மேல் பெண்கள் யாரும் அங்கே இல்லை என்பதையும் குறியுங்கள். பெரும்பாலும் விளக்கும் கழிப்பறையும்தான் காரணமாக இருக்கும்.

தெருக்கடைக்காரர்களைப் படத்திலிருந்து நீக்கிவிட்டு வரைவது வேறு நடக்கிறது. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள். அவர்களிடம் பேசாத திட்டம் நகராட்சியைத் தாண்டாது.

புல்வெளி போடலாமா?

தினமும் தண்ணீர் விட ஆள் யார் என்று எழுதிக் கொடுத்தால் போடலாம்.