சொட்டுநீர்க் குழாயைக் கடித்துக் குதறும் ஒன்பது மாத சிப்பிப்பாறை: என்ன செய்யலாம்?

கேள்வி: ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் மூன்று ஏக்கர் தென்னை, ஊடுபயிராகக் கத்தரியும் மிளகாயும். முழுக்கச் சொட்டுநீர்தான். காவலுக்கென்று வாங்கிய சிப்பிப்பாறை ஆண் குட்டிக்கு இப்போது ஒன்பது மாதம். பகலில் கொட்டகையில் சங்கிலியில் கட்டிவைத்து, இரவில் அவிழ்த்து விடுகிறோம். காலையில் போய்ப் பார்த்தால், பயிர் வரிசையோரம் ஓடும் லேட்டரல் என்ற மெல்லிய சொட்டுநீர்க் குழாய் நாலைந்து இடத்தில் கடிபட்டுக் கிடக்கிறது. செருப்பு, சாக்கு, மருந்து அடிக்கும் ஹோஸ் என்று எதையும் விடுவதில்லை. அடித்தும் பார்த்துவிட்டோம். பல் முளைப்பதால் கடிக்கிறது, தானாக நின்றுவிடும் என்கிறார்கள். குழாயில் மிளகாய்த்தூள் கரைத்துப் பூசலாமா? இன்னொரு நாய் வாங்கித் துணைக்கு விட்டால் சரியாகுமா? இல்லை, இதை யாருக்காவது கொடுத்துவிடுவதா?

பதில்: கொடுத்துவிட வேண்டாம். நாயிடம் கோளாறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அதை அவிழ்த்து விடும் நேரத்தையும் இடத்தையும்தான் மாற்ற வேண்டும்.

பல் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் 28. நான்காவது மாதம் வாக்கில் அவை விழ ஆரம்பித்து, ஏழாவது மாதத்துக்குள் நிரந்தரப் பற்கள் 42-ம் வந்துவிடும். ஆகவே உங்கள் குட்டிக்கு ஈறு அரிப்பு முடிந்துபோன கதை. இப்போது நடப்பது விடலைப் பருவம். தாடைக்கு முழு பலம் வந்துவிட்டது, நிதானம் இன்னும் வரவில்லை. பெரும்பாலான நாய்களுக்கு இது ஒன்றரை வயது வரை இருக்கும், சிலவற்றுக்கு இரண்டு வயதும் ஆகும். ஐந்து மாதத்தில் சொன்ன பேச்சைக் கேட்ட குட்டி எட்டு மாதத்தில் கேட்காமல் போவதும் இயல்புதான். இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு மாத நாய்கள் வளர்ப்பவர் ‘உட்கார்’ என்றால் கேட்காமல், அதையே அந்நியர் சொன்னால் கேட்டிருக்கின்றன. உங்கள் நாயும் உங்களை மட்டும் மதிக்காததுபோல் நடந்தால் மனம் நோக வேண்டாம்.

அடுத்து ஒரு சந்தேகம். எல்லாக் கடியும் நாயின் கடிதானா? குழாயைக் கையில் எடுத்துப் பாருங்கள். நாய் கடித்திருந்தால் உருண்டையான பல் துளைகளும், நசுங்கிச் சப்பையான பகுதியும் இருக்கும், குழாய் வரிசையை விட்டு இழுபட்டும் கிடக்கும். எலியோ அணிலோ கொறித்திருந்தால் ஓரிடத்தில் மட்டும் சுரண்டி ஓட்டை போட்டிருக்கும், பக்கத்தில் பக்கத்தில் இரண்டிரண்டு மெல்லிய பல் கீறல் தெரியும், குழாய் போட்ட இடத்திலேயே கிடக்கும். தென்னந்தோப்பில் அணிலுக்குப் பஞ்சமில்லை, கோடையில் தண்ணீருக்காக அவை குழாயைக் கொறிப்பது எல்லா இடத்திலும் உள்ள தொல்லை. பாதிப் பழி அணில் மேல் போக வேண்டியதாகவும் இருக்கலாம்.

நாய்க்கு லேட்டரல் குழாய் ஏன் அவ்வளவு பிடிக்கிறது? 16 மி.மீ. குழாய் அதன் வாய்க்கு அளவானது, கடித்தால் பிதுங்கும், தண்ணீர் ஓடும் நேரமாக இருந்தால் முகத்தில் பீய்ச்சியும் அடிக்கும். விடலை நாய்க்கு இதைவிட நல்ல விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்காது. இரவில் மும்முனை மின்சாரம் வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டரில் மோட்டார் ஓடும்படி வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் கொஞ்ச நாளைக்குப் பாசனத்தைப் பகல் மின்சாரத்துக்கு மாற்றிப் பாருங்கள். பீய்ச்சல் இல்லாவிட்டால் பாதி ஆசை போய்விடும். தோட்டத்தில் இரண்டு மூன்று இடத்தில் அகலமான மண் தொட்டியில் தண்ணீர் வையுங்கள், தாகத்துக்காகக் கடிப்பதாக இருந்தால் அதுவும் குறையும்.

இதையெல்லாம் விட முக்கியமானது இரவில் அவிழ்த்து விடும் வழக்கம். பகல் முழுக்கச் சங்கிலியில் கிடந்த நாய், அடக்கிவைத்த துடிப்பையெல்லாம் யாரும் பார்க்காத நேரத்தில் மூன்று ஏக்கரில் கொட்டுகிறது. சிப்பிப்பாறை முயலைத் துரத்திப் பிடிப்பதற்கென்றே வளர்த்தெடுத்த இனம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது முயல் வேட்டை குற்றம், ஆனால் அந்த ஓட்டம் நாயின் காலில் அப்படியேதான் இருக்கிறது. இன்னொன்று, ஒன்பது மாதக் குட்டி காவல் நாய் ஆகாது. குரைக்கும், அவ்வளவுதான். மலையடிவாரத்தில் சிறுத்தை நடமாட்டம் இருந்தால் இரவில் தனியே திரியும் நாய்தான் அதற்கு எளிதான இரை. ஆகவே இன்னும் ஆறேழு மாதத்துக்கு இரவில் அவிழ்த்து விடாதீர்கள். கொட்டகையை ஒட்டிப் பத்தடிக்குப் பத்தடியில், ஆறடி உயரத்துக்குக் கம்பிவலை அடித்து, மேலேயும் மூடிய அடைப்பு ஒன்று போடுங்கள். சிப்பிப்பாறை நன்றாகத் தாண்டும் என்பதால் மேல்மூடி கட்டாயம். உள்ளே தண்ணீர், படுக்கச் சாக்குக்குப் பதில் மரப்பலகை, கடிக்க ஒரு சாமான். சத்தம் கேட்டால் அங்கிருந்தே குரைத்து உங்களை எழுப்பும், காவலுக்கு இப்போதைக்கு அது போதும்.

பகலில் சங்கிலியை முடிந்த அளவு குறையுங்கள். காலை வெயில் ஏறுமுன் அரை மணி நேரம், மாலையில் அரை மணி நேரம், குழாய் போடாத தரிசிலோ களத்திலோ ஓடவிடுங்கள். பைக் பின்னால் தார்ச்சாலையில் ஓட்டும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, அதைச் செய்யாதீர்கள். கால் எலும்பு வளர்ச்சி முடிய ஒரு வயது தாண்டும், அதுவரை தானாக ஓடி, தானாக நிற்கட்டும். நீங்கள் தோட்டத்தில் வேலை பார்க்கும்போது ஒரு நீளக் கயிற்றில் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். குழாயில் வாய் வைத்தால் கத்தாமல் ‘விடு’ என்று ஒருமுறை சொல்லி, ஒரு துண்டு அவித்த முட்டையைக் காட்டுங்கள். விட்டதும் முட்டையைக் கொடுத்து, கடிக்க வேண்டிய சாமானை வாயில் கொடுங்கள். நாலு நாள் சலிப்பாக இருக்கும், அப்புறம் சொல் மட்டுமே போதும்.

அடிப்பது பயன்படாது. கடித்தது நள்ளிரவில், அடி விழுவது காலை ஆறு மணிக்கு. இரண்டையும் நாய் சேர்த்துப் பார்க்காது. நீங்கள் குழாயைக் காட்டும்போது அது காதை மடக்கி, வாலைச் சுருட்டிக்கொள்வது தப்பை உணர்ந்ததால் அல்ல, உங்கள் முகத்தையும் குரலையும் பார்த்துத்தான். அடி பழகிய நாய் உங்கள் முன்னால் கடிக்காது, மறைவாகப் போய்க் கடிக்கும்.

கடிக்கக் கொடுப்பதில் கவனம் தேவை, நம் தோட்டத்தில் கைக்குக் கிடைப்பதில் பாதி ஆபத்தானது. மாங்கொட்டையும் மக்காச்சோளக் கட்டையும் குடலில் போய் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சைதான். வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். மாட்டுக் குளம்பும் காலெலும்பும் பல்லை உடைக்கும். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது பள்ளம் விழ வேண்டும், விழாத பொருள் நாய்ப் பல்லுக்கு ஆகாது. பழைய டயரில் கம்பி இருக்கும். தேங்காய் மட்டையைக் குதற நாய்க்கு ரொம்பப் பிடிக்கும், கொடுக்கலாம், ஆனால் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். நாரை விழுங்க ஆரம்பித்தால் எடுத்துவிடுங்கள். தனியாக இருக்கும் நேரத்துக்கு, கடைகளில் கிடைக்கும் உள்ளீடற்ற கெட்டி ரப்பர் பொம்மை நல்லது. உள்ளே சோறும் கருவாட்டுத் தூளும் அடைத்துக் கொடுத்தால் நக்கி எடுக்கவே வெகுநேரம் ஆகும். முழு கேரட்டும் கொடுக்கலாம். பழைய செருப்பை மட்டும் விளையாடக் கொடுக்காதீர்கள், பழசு எது புதுசு எது என்று அதற்குத் தெரியாது.

மிளகாய்த்தூள் வேண்டாம். கண்ணிலும் மூக்கிலும் பட்டால் வதைக்கும். குழாயைத் தொட்ட கையோடு முகம் துடைக்கும் உங்கள் ஆட்களுக்கும் அதே கதிதான். கசப்புக்காக வேப்பெண்ணெய் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று ஏக்கர் குழாயில் பூசி முடிப்பதற்குள் வெயில் அதைக் காயவைத்துவிடும், நக்கினால் வாந்தியும் வரலாம். அந்தச் செலவில் அடைப்புக்கு வலை வாங்கிவிடலாம்.

குழாய் போனால் ஜாயினர் போட்டு ஒட்டிக்கொள்ளலாம், உயிர் போனால் முடியாது. மோட்டார் வயர் தரையில் ஓடினால் இன்றே பிவிசி குழாய்க்குள் நுழைத்துப் புதைத்துவிடுங்கள். கொட்டகை மின்சாரத்துக்கு, மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. போடுங்கள், அது ஆட்களுக்கும் காப்பு. மருந்து அடித்த ஹோஸைக் கழுவி உயரத்தில் தொங்கவிடுங்கள். எலிக்கு வைக்கும் சிங்க் பாஸ்பைடு நாயையும் கொல்லும், அது இருக்கும் தோட்டத்தில் நாயை அவிழ்த்து விடவே கூடாது. சொட்டுநீர்க் குழாயில் உரம் விடும் நாளிலும், உப்பு அடைப்பு எடுக்க ஆசிட் விடும் நாளிலும் நாய் அடைப்பிலேயே இருக்கட்டும். குழாய்த் துண்டையோ சாக்கையோ விழுங்கியிருந்து, வாந்தி எடுக்கிறது, சாப்பிடவில்லை, மலம் போகவில்லை என்றால் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. வெறும் சோறும் ரசமும் என்றால் வளரும் நாய்க்குப் பத்தாது. முட்டை, மீன், கோழிக்கறி ஏதாவது தினமும் சேர வேண்டும், வேளை இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். ஈறு வெளுத்து, மண்ணையும் தின்றால் கொக்கிப்புழுவாக இருக்கலாம். எடை போட்டு மருத்துவரிடம் குடற்புழு மருந்து வாங்கிக் கொடுங்கள், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

துணைக்கு இன்னொரு குட்டி இப்போது வேண்டாம். இதைப் பார்த்து அதுவும் கடிக்கப் பழகும். இந்த நாய்க்கு ஒன்றரை வயது ஆகி, இரவில் அவிழ்த்து விட்டும் ஒரு மாதம் குழாய் தப்பியது என்றால், அப்போது வாங்குங்கள்.