பிள்ளை பெயரில் எஃப்.டி போட்டால் வரி யாருக்கு?

கேள்வி: கரூரில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். ஆண்டு வருமானம் ஆறு லட்சம். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை, ஆண்டுச் சம்பளம் 12.60 லட்சம், புதிய வரி முறையில் இருக்கிறார். மகனுக்கு வயது 11, மகளுக்கு 7. என் அப்பா (வயது 71, கொஞ்சம் வாடகை மட்டும் வருகிறது) பேரன், பேத்தி இருவர் பெயரிலும் தலா 2 லட்சம் எஃப்.டி போட ஆசைப்படுகிறார். ‘குழந்தைகளுக்கு ஏது வருமானம், வரியே வராது, நீ கார்டியனாகக் கையெழுத்துப் போடு’ என்கிறார் உறவினர் ஒருவர். போடலாமா?

பதில்: கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டீர்களே, நல்லது. உறவினர் சொல்வது பலரும் நம்புவதுதான், ஆனால் தவறு. 18 வயது ஆகாத பிள்ளையின் வட்டி வருமானத்தை, தாய் தந்தை இருவரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவருடைய கணக்கில் சேர்க்கச் சொல்கிறது சட்டம். பணம் தாத்தா கொடுத்ததா, கார்டியன் யார் என்பதெல்லாம் இதில் வராது. ஆக, கையெழுத்து உங்களுடையது, வரி உங்கள் மனைவிக்கு. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் வருமானத்துக்கும், பிள்ளை தன் திறமையால் சம்பாதித்த பணத்துக்கும் மட்டும் விலக்கு உண்டு. பழைய வரி முறையில் ஒரு பிள்ளைக்கு 1,500 ரூபாய் கழிக்கலாம். புதிய முறையில் அதுவும் இல்லை.

உங்கள் விஷயத்தில் இது எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். சம்பளம் 12.60 லட்சத்தில், சம்பளக்காரர்களுக்குப் பொதுவாகக் கழிக்கும் நிலைக்கழிவு (ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன்) 75,000 போனால் 11.85 லட்சம். 12 லட்சத்துக்குள் இருப்பதால் இப்போது அவருக்கு வரி இல்லை. நான்கு லட்சத்துக்கு 7% என்று வைத்தால் ஆண்டு வட்டி 28,000. அதைச் சேர்த்தால் 12.13 லட்சம். கோட்டைத் தாண்டிய 13,000 ரூபாய் முழுவதும் வரியாகப் போகும், அந்த வரிமேல் 4% செஸ் (கூடுதல் தீர்வை). மொத்தம் 13,520 ரூபாய். தாத்தா கொடுத்த 28,000 வட்டியில் பாதி அப்படியே போய்விடும்! இரண்டு எஃப்.டிக்கும் வட்டி ஆளுக்கு 14,000தான் என்பதால் வங்கி டி.டி.எஸ் (வட்டியிலேயே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பிடிக்காது. அதைப் பார்த்து வரி இல்லை என்று பலர் ரிட்டர்னில் காட்டாமல் விட்டுவிடுகிறார்கள். பிடிக்காதது வேறு, கட்ட வேண்டியது வேறு.

மகளுக்கு யோசிக்கவே வேண்டாம், தபால் நிலையத்தில் செல்வமகள் கணக்கு தொடங்குங்கள். பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும், உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஆண்டுக்கு 1.5 லட்சம்தான் உச்சவரம்பு. அதனால் இப்போது 1.5 லட்சம், ஏப்ரல் பிறந்ததும் மீதி 50,000. அப்புறம் ஆண்டுக்கு 250 ரூபாயாவது போட்டு வாருங்கள், இல்லையென்றால் கணக்கு முடங்கும். வட்டிக்கு வரி இல்லை என்பதால் யாருடைய வருமானத்திலும் சேராது. பத்தாம் வகுப்பு முடித்தபிறகோ 18 வயதிலோ படிப்புக்காகப் பாதி வரை எடுக்கலாம்.

மகன் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. ‘பொன்மகன்’ என்று சொல்வார்கள்; பெயர்தான் அழகு, உள்ளே இருப்பது சாதாரண பி.பி.எஃப் (பொது சேமநல நிதி). வட்டிக்கு வரி இல்லைதான், ஆனால் முதிர்வுக்கு 15 ஆண்டு ஆகும். நடுவில் ஒரு பகுதி எடுக்கலாம்; ஐந்து ஆண்டுக்குப் பிறகு மேற்படிப்புக்காகக் கணக்கையே மூடலாம், ஆனால் வட்டியில் ஒரு சதவீதம் குறைத்துவிடுவார்கள். ஏழு வருடத்தில் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய பையனுக்கு இந்தக் கணக்கை நான் சொல்ல மாட்டேன்.

அவன் பங்கு 2 லட்சத்தை உங்கள் அப்பா தன் பெயரிலேயே எஃப்.டியாக வைத்துக்கொள்ளட்டும். மூத்த குடிமக்களுக்கு வங்கிகள் பெரும்பாலும் அரை சதவீதம் கூடுதலாகத் தருகின்றன. வட்டி அவருடைய வருமானம், அவருக்கோ வரி வரும் அளவுக்கு வருமானம் இல்லை. பேரனை நாமினி ஆக்கலாம். ஆனால் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்பவர்தான், உரிமையாளர் அல்ல. உங்களுக்கு அண்ணன் தம்பி, அக்கா தங்கை இருந்தால் ஒரு சின்ன உயில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். இதைக் கேட்க உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். பேரன் கேட்டால் அவரே சிரித்துக்கொண்டு எழுதுவார்.

மகனுக்கு 18 ஆனதும் அந்தப் பணத்தை அவனுக்குக் கொடுத்துவிடலாம். அதற்குமேல் வரும் வட்டி அவனுடைய வருமானம்தான், அம்மாவுடன் சேராது.

தன் பெயரில் ஒன்றுமே இல்லையா என்று பையன் முகம் சுளித்தால், ஒரு சேமிப்புக் கணக்கு திறந்து கொடுங்கள். பத்து வயது நிறைந்த பிள்ளைகள் தாங்களே கணக்கு தொடங்கி இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. எவ்வளவு எடுக்கலாம், ஏ.டி.எம் கார்டு உண்டா என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். பொங்கல் காசை அவனே சலான் எழுதிப் போடட்டும். அந்தச் சில்லறை வட்டியும் அம்மா கணக்கில்தான் சேரும் என்பதை மட்டும் மறக்காமல், மார்ச் முடிந்ததும் பாஸ்புக்கில் வரவு போட்டு, ரிட்டர்ன் தாக்கல் செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.