பெரியம்மா வீட்டுக் கத்தரிக்காயும் செய்திதான்

(வாசகர் கேள்வி – பதில்)

எங்கள் வீட்டிலிருந்து வருஷத்துக்கு நான்கு முறை சொந்தக்காரர்களுக்கும் பழைய சிநேகிதர்களுக்கும் ஒரு மடல் போகிறது என்று போன இதழில் போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டீர்கள். வந்த கேள்விகளில் பாதி அதைப் பற்றித்தான். வேலூர் கொசப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் அடித்துக் கொடுத்தே காலம் தள்ளியவள் நான். அச்சடித்த காகிதம் என்றால் பேச்சு நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தாத்தாவுக்கு ஏழு பிள்ளைகள். குடும்பம் இப்போது குடியாத்தம், ஆம்பூர், பெங்களூர், துபாய் என்று சிதறிக் கிடக்கிறது. வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. காலையில் ஒரு பூப்படம், ராத்திரி ஒரு பூப்படம். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. மடல் ஆரம்பிக்கலாமா? என்ன எழுதுவது?
– வாசகி, குடியாத்தம்

தாராளமாக ஆரம்பியுங்கள். ஆனால் செய்தி சொல்வதற்காக ஆரம்பிக்காதீர்கள். குழந்தை பிறந்ததும் பரீட்சையில் தேறியதும் அரை மணி நேரத்தில் போனில் வந்துவிடுகிறது. அத்தைக்குப் போன் போட்டால் "நல்லா இருக்கீங்களா, சாப்டீங்களா" என்பதற்கு அப்புறம் கேட்க ஒன்றும் இல்லாமல் விழிக்கிறோமே, அந்த இடத்துக்குத்தான் மடல். ஒவ்வொரு துணுக்கையும் நான் ஒரே கேள்வி கேட்டுத்தான் சேர்ப்பேன்: இதைப் படித்துவிட்டு யாராவது யாருக்காவது போன் போடுவார்களா?

உதாரணம் சொல்கிறேன். "பெங்களூர் சின்னக்கா மகள் பொறியியலில் முதல் வகுப்பில் தேர்ச்சி. வாழ்த்துகள்" என்று எனக்கு ஒரு வரி வந்தது. இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? இன்னொரு வாழ்த்துதான். சின்னக்காவைப் போனில் பிடித்துத் துருவினேன். அந்தப் பெண் கடைசி வருஷ ப்ராஜெக்டுக்காக உங்கள் ஊருக்கு வந்து, மாமா வீட்டுக் கைத்தறி எதிரில் உட்கார்ந்து, பாவு இழை (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) எந்த இடத்தில் அதிகம் அறுகிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டு போயிருக்கிறாள். மாமா பக்கத்தில் நின்று, "படிச்ச பொண்ணு, முடிச்சுப் போடத் தெரியல" என்றாராம். இதைப் போட்டேன். முதல் வகுப்பை அடைப்புக்குறிக்குள் தள்ளினேன். அந்த வாரம் மாமாவின் போன் ஓயவே இல்லை. அதில் இரண்டு பேர் அவரோடு பேசியே வருஷக்கணக்கில் ஆகியிருந்தது.

இன்னொன்று: "அணைக்கட்டு பெரியம்மா வீட்டுக் கொல்லையில் முள்ளுக் கத்தரி இந்த முறை ஏராளம். விதை எடுத்து வைத்திருக்கிறார். வேண்டுவோர் சொல்லவும்." நம் ஊர் முள்ளுக் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அதன்மேல் எல்லாருக்கும் திடீர்ப் பாசம் வேறு. சென்னையில் மாடித் தோட்டம் போட்டிருக்கும் மருமகள்கள் ஒருவர் விடாமல் பெரியம்மாவைக் கூப்பிட்டார்கள். விதை எத்தனை பேருக்கு முளைத்தது என்று கேட்காதீர்கள்.

கைவேலைக்கு வருகிறேன். ஏ4 தாளைக் குறுக்கே மடித்தால் நான்கு பக்கம். இரண்டு தாள் என்றால் எட்டு. அதற்கு மேல் போகாதீர்கள், படிக்க மாட்டார்கள். 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்று 5 கிராம். இரண்டு தாள், சாதாரணக் கவர், உள்ளே உங்கள் முகவரி எழுதிய ஒரு போஸ்ட் கார்டு, எல்லாம் சேர்ந்து 20 கிராமுக்குள் அடங்கும். உள்நாட்டுக்கு 5 ரூபாய் ஸ்டாம்பு போதும். அந்த 50 பைசா கார்டை மட்டும் மறக்காதீர்கள். போனில் டைப் அடிக்க வராத சித்தப்பாக்கள் கார்டைப் பார்த்தால் நான்கு வரியாவது கிறுக்கிப் போடுகிறார்கள். இன்லேண்ட் லெட்டரில் எழுதலாமா என்று நினைப்பவர்களுக்கு: அதற்குள் எதையும் வைத்து அனுப்பக் கூடாது. அதனால் நமக்கு அது ஆகாது.

முகவரிப் பட்டியலைத் தூசி தட்டுங்கள். வடஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டானது. மீதியிருந்த வேலூர் 2019இல் மூன்றானது. எங்கள் பட்டியலில் இன்னும் "வ.ஆ. மாவட்டம்" என்று எழுதும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். பின்கோடு சரியாக இருப்பதால் கடிதம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. பின்கோட்டைச் சரிபாருங்கள், மாவட்டத்துக்காகச் சண்டை போடாதீர்கள்.

எப்போது அனுப்புவது? காலண்டரைப் பார்க்காதீர்கள், திருவிழாவைப் பாருங்கள். உங்களுக்குக் கோபாலபுரம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாளில் இருக்கிறது. சித்திரை பிறந்ததும் மடல் கையில் கிடைத்தால் துபாய்க்காரர் லீவு சொல்லவும் பெங்களூர்க்காரர் ரயில் டிக்கெட் பார்க்கவும் தோதாக இருக்கும். எங்களுக்கு ஆடிக் கிருத்திகை. ரத்தினகிரிக்குக் காவடி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தீபாவளி, பொங்கல் எல்லாருக்கும் பொது.

குடும்பத்துக்குள் அச்சடித்து அனுப்பும் மடலுக்கு அரசாங்கத்தில் பதிவு செய்ய வேண்டுமா?
– வாசகர், காட்பாடி

வேண்டாம். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த பத்திரிகைப் பதிவுச் சட்டம் பொதுச் செய்தியையும் அதன்மேல் கருத்தையும் வெளியிடும் இதழ்களுக்கானது. உங்கள் மச்சான் வீடு கட்டி முடித்தது பொதுச் செய்தி ஆகாது, அவர் எவ்வளவு சத்தமாகச் சொன்னாலும்.

நல்லதையும் கெட்டதையும் ஒரே காகிதத்தில் போடலாமா? ஒரு சாவுச் செய்தியும் ஒரு நிச்சயதார்த்தமும் ஒரே காலாண்டில் வந்துவிட்டன. மாமியார் கூடாது என்கிறார்.
– வாசகி, வாலாஜாபேட்டை

மாமியார் சொல்வதைக் கேளுங்கள். பகுத்தறிவுப்படி ஒன்றும் ஆகிவிடாதுதான். ஆனால் மஞ்சள் தடவின பத்திரிகையும் கருப்புக் கரை போட்ட பத்திரிகையும் என் அச்சகத்தில் ஒரே மேஜையில் இருந்தால் கல்யாண வீட்டுக்காரர் முகம் போகிற போக்கை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தாளை மிச்சம் பிடிப்பதற்காகச் சம்பந்தி வீட்டில் பேச்சு வாங்க வேண்டியதில்லை. சாவுச் செய்தியைத் தனித் தாளாக அடித்து உள்ளே வையுங்கள். சம்பந்தி வீட்டுக்குப் போகும் கவரில் மட்டும் அந்தத் தாளை எடுத்துவிட்டு, பிறகு தனியாக அனுப்புங்கள்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது சாவுச் செய்தியை எழுதும் விதம். "இறைவனடி சேர்ந்தார், ஆன்மா சாந்தியடைய" என்கிற வாசகத்தை எத்தனை முறை அச்சுக் கோத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அது போஸ்டருக்குச் சரி, தெருவில் போகிறவருக்குப் பெயரும் தேதியும் தெரிந்தால் போதும். மடல் படிக்கிறவருக்கு அந்த மனிதரையே தெரியும். எங்கள் ஆற்காட்டு மாமா போனபோது ஒரே பத்தி எழுதினேன்: கடைக் கல்லாவில் சில்லறைக்குப் பக்கத்தில் கமர்கட் டப்பா வைத்திருப்பார், சொந்தக்காரக் குழந்தைகளுக்கும் ஓசி கிடையாது, ஒரு திருக்குறள் சொன்னால்தான். மறு மடலுக்கு வந்த கார்டுகளில் ஆளுக்கொரு குறள் இருந்தது. பாதி தப்பு.

அண்ணனும் நானும் நிலத்துக்காகக் கோர்ட்டில் நிற்கிறோம். குடும்ப மடலை என் மகள் நடத்துகிறாள். அண்ணன் வீட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்கிறாள்.
– வாசகர், ராணிப்பேட்டை

உங்களிடம் கேட்டாளே, அதுவே பெரிய விஷயம். அனுப்பச் சொல்லுங்கள். எல்லாருக்கும் போகும் அதே நாளில், அதே கவரில், பெரியப்பா பெயருக்கு. பட்டியலிலிருந்து ஒரு வீட்டை எடுத்தால் அது மறுநாளே ஊருக்குத் தெரியும். அப்புறம் அதையே ஒரு செய்தியாகப் பேசுவார்கள்.

சில கட்டுப்பாடுகள் உண்டு. பெயர் வரிசை எப்போதும் வயதுப்படி. கல்யாணப் பத்திரிகையில் "தங்கள் நல்வரவை விரும்பும்" என்ற வரிக்குக் கீழே யார் பெயர் முதலில் என்பதற்காக ப்ரூஃப் பார்க்க வந்த இடத்திலேயே பங்காளிகள் சட்டையைப் பிடித்துக்கொண்டதுண்டு. வயது என்று முதல் மடலிலேயே எழுதிவிட்டால் யாரும் வாய் திறக்க முடியாது. அடுத்தது, நிலம், வீடு, கிணறு, வரப்பு என்ற சொற்கள் மடலில் எங்கேயும் வரக் கூடாது. "தாத்தா காலத்து மாந்தோப்பில் பெரியப்பா இந்த வருஷமும் காய் இறக்கினார்" என்று மகள் பாசமாகத்தான் எழுதுவாள். சொத்து யார் அனுபவத்தில், அதாவது யார் கையில் இருக்கிறது என்பதற்கு அண்ணனின் வக்கீல் அதை அழகாக எடுத்து வைப்பார்.

அண்ணன் வீட்டுச் செய்தியையும் கேட்டுப் போட வேண்டும். நீங்கள் கேட்க வேண்டாம், மகள் பெரியம்மாவிடம் கேட்கட்டும். பெண்களுக்குள் போன் பேச்சு நின்றிருக்காது என்பது என் ஊகம். அது உங்கள் இருவருக்கும் தெரியாமலும் இருக்கலாம்.

வெளிநாட்டுப் பேரன்களுக்குத் தமிழ் படிக்க வராது. என் அம்மாவுக்குக் கண் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் மடல் எப்படி?
– வாசகி, ஆரணி

இரண்டையும் ஒன்றாக முடித்துவிடுங்கள். பேரன் வீடியோ காலில் வரட்டும், மடலை நீங்கள் வாசியுங்கள், அம்மா பக்கத்தில் இருக்கட்டும். நீங்கள் ஒரு துணுக்கு வாசித்தால் அம்மா அதற்கு நான்கு திருத்தம் சொல்வார். மடலில் இருப்பதைவிடத் திருத்தம்தான் சுவையாக இருக்கும். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த மடலுக்கு ஆயிற்று.

ஓரளவு கண் தெரிகிற பெரியவர்களுக்கு எழுத்தின் அளவை 14 புள்ளிக்குக் (பாயிண்ட்) குறைக்காதீர்கள். வரிகளுக்கு நடுவே இடம் விடுங்கள். ஜெராக்ஸில் நிழலில் எடுத்த முகமெல்லாம் கரியாகத்தான் விழும், அதனால் வெயிலில் எடுத்த படமாகக் கொடுங்கள்.

போன் நம்பர், பிறந்த நாள் எல்லாம் மடலில் போடலாமா?
– வாசகர், வாணியம்பாடி

பிறந்த நாளும் மாதமும் போடுங்கள், வருஷம் வேண்டாம். போன் நம்பர் காகிதப் பிரதியில் மட்டும். பிடிஎஃப் எங்கே போய்ச் சேரும் என்று யாருக்கும் தெரியாது. மின்னஞ்சலில் அனுப்பினால் எல்லார் முகவரியையும் பிசிசியில் போடுங்கள், ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது. வாட்ஸ்அப் என்றால் குரூப்பில் போடாமல் பிராட்காஸ்ட் லிஸ்டில் அனுப்புங்கள். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், பதில் உங்களுக்கு மட்டும் வரும், கும்பிடு பொம்மைகளின் அணிவகுப்பு இருக்காது. ஒன்று, உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அது போகும். வரவில்லை என்று யாராவது குறைப்பட்டால், அவர் உங்கள் நம்பரை வைத்திருக்கவில்லை என்று அர்த்தம். சொல்லிக் காட்டுவதும் காட்டாததும் உங்கள் இஷ்டம்.

நோய் விஷயத்தில் கவனம். வேலூரில் வீடு இருந்தால் சொந்தம் விட்டுப்போகாது. சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் யாராவது ஒருவர் திண்ணையில் பையோடு உட்கார்ந்திருப்பார். அவர்கள் மூலம் எனக்கு எல்லார் உடம்பும் தெரியும். அதில் ஒரு வரிகூட, சம்பந்தப்பட்டவர் "போடுங்க" என்று சொல்லாமல் மடலில் ஏறாது. பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீடு என்றால் அவர்களே சொன்னாலும் மறுபடி ஒரு தடவை கேட்பேன்.

மூன்று மடல் அனுப்பியாயிற்று. ஒருத்தரும் பதில் போடவில்லை. நிறுத்திவிடவா?
– வாசகி, சத்துவாச்சாரி

உங்கள் மடல்களைப் படித்தேன். மன்னிக்கவும், எல்லாம் முடிந்துபோன செய்திகள். வீட்டுக்கு வந்தவருக்கு ஆல்பம் காட்டுகிற மாதிரி இருக்கிறது; பார்த்துவிட்டு எழுந்து போவதைத் தவிர அவர் செய்ய ஒன்றும் இல்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி வையுங்கள். "உங்கள் கருத்தை எழுதுங்கள்" என்பது கேள்வி ஆகாது, அதற்கு யாரும் அசைய மாட்டார்கள். பதில் சொல்ல நினைவைத் தவிர வேறு ஒன்றும் வேண்டாதபடி இருக்க வேண்டும். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதே, அப்போது "பாலாற்றில் நீங்கள் தண்ணீர் பார்த்தது எப்போது, யாரோடு?" என்று கேட்டேன். அதுவரை வாயே திறக்காதவர்கள் எல்லாம் எழுதினார்கள். ஊற்றுத் தோண்டிக் குடித்தது, மயானக் கொள்ளைக்கு மணலில் நடந்து கால் சுட்டது, தண்ணீரே பார்க்காத இளசுகளின் புலம்பல் என்று அடுத்த மடலே நிறைந்துவிட்டது.

இன்னொரு வழி, பழைய கல்யாண குரூப் போட்டோ. அடியில் பெயர்களைப் போட்டு, தெரியாத முகத்துக்கு நேரே "இவர் யார்?" என்று விடுங்கள். யார் என்று உங்களுக்குத் தெரிந்தாலும் ஒரு முகத்தைக் காலியாக விடுங்கள். அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் முதல் ஆளாகப் போன் போடுவார், கோபமாக. பேச்சை மாற்றாமல் அந்தக் கல்யாணத்தில் சாப்பாடு எப்படி என்று கேளுங்கள், பக்கத்தில் பேனா இருக்கட்டும்.