இருமல் மருந்து கொடுப்பவர்கள் கேட்டவை

கேள்வி: சிஸ்டர், அப்பாவுக்கு வயது 72. நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. டாக்டர் எழுதிய அம்ப்ராக்சாலோடு, தூக்கத்துக்காக டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் சிரப்பும் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அம்ப்ராக்சால் சளியை இளக்கும். இளகிய சளி இருமினால்தான் வெளியே வரும். மற்றது அந்த இருமலையே அடக்கிவிடும், சளி உள்ளேயே தங்கும். தலைமாட்டை உயர்த்தி, சாய்ந்து உட்கார வையுங்கள். மூச்சை மெல்ல இழுத்து, இரண்டு மூன்று விநாடி பிடித்து, வாயைத் திறந்து 'ஹா' என்று ஊதச் சொல்லுங்கள். வெந்நீர் அடிக்கடி கொடுங்கள். இதய, சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டர் சொன்ன அளவு நீர்தான். சளியில் ரத்தக்கோடு தெரிந்தால் உடனே காட்டுங்கள். அப்பா செர்ட்ரலின், பிளுவாக்செட்டின் போன்ற மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் தனியாகக்கூட ஆபத்து: நடுக்கம், வியர்வை, குழப்பம் வரலாம்.

கேள்வி: அக்கா, பெரியவனுக்கு வாங்கிய சிரப் மீதி இருக்கிறது. மூன்று வயதுச் சின்னவளுக்கு அரை ஸ்பூன் தரலாமா?

பதில்: தராதீர்கள். 2 வயதுக்குள் இருமல் சிரப் கூடாது, 5 வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று 2025 அக்டோபரில் மத்திய சுகாதார இயக்ககம் அறிவுறுத்தியது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் கலந்திருந்து, மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்த நேரம் அது. எந்த சிரப் குடித்த பிறகும் பிள்ளைக்குச் சிறுநீர் குறைந்தாலோ, வாந்தியோடு சோர்ந்தாலோ பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உங்கள் மகளுக்கு ஒரு வயது தாண்டிவிட்டதால் படுக்கும் முன் அரை டீஸ்பூன் தேன் தரலாம். ஒரு வயதுக்குள் தேனும் கூடாது.

டாக்டரே எழுதிய மருந்தானாலும் சமையலறை ஸ்பூன் வேண்டாம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. 2.5 மி.லி. என்றால் ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கன்னத்தின் உட்புறமாக மெல்ல விடுங்கள். தொண்டைக்கு நேரே பீய்ச்சினால் புரையேறும்.

கேள்வி: வார்டில் கோடீன் (அபின் வகை இருமல் மருந்து) சிரப் எடுப்பவரிடம் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: மூச்சை. முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 12க்குக் கீழே போனாலோ, எழுப்பச் சிரமமானாலோ அடுத்த டோஸை நிறுத்தி டாக்டரை அழையுங்கள். தூக்க மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து கூடும். மலச்சிக்கலைத் தினமும் கேளுங்கள். 12 வயதுக்குள்ளும் பாலூட்டும் தாய்க்கும் கோடீன் கூடாது.

கேள்வி: சளியை இளக்கும் அசிட்டைல்சிஸ்டீன் நெபுலைசரில் அழுகிய முட்டை நாற்றம். மருந்து கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை, கந்தகத்தின் வாசனை அது. நோயாளிக்கு முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மாஸ்க்கைக் கழற்றிவிடுவார். ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுக்குழாய் சுருங்கலாம், ஆகவே மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால், டாக்டர் எழுதியபடி, முதலில். சளி திடீரென்று திரண்டு வரும். சக்‌ஷன் (சளியை உறிஞ்சி எடுக்கும் கருவி) பக்கத்திலேயே இருக்கட்டும். முடிந்ததும் பிசுபிசுப்பு போக முகத்தைக் கழுவிவிடுங்கள்.