மழை பெய்ததைச் சொல்ல ராஸ்ப்பெர்ரி பை எதற்கு?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் வீட்டை ஒட்டி ஒன்றரை ஏக்கர் ரப்பர் இருக்கிறது. ராத்திரி மழை பெய்தால் மரம் நனைந்து பால் வெட்ட முடியாது. அது தெரியாமல் வெட்டுக்காரர் விடியுமுன் பக்கத்து ஊரிலிருந்து பைக்கில் வந்து சும்மா திரும்புகிறார். மழை விவரத்தை அவர் போனுக்கு அனுப்பும் கருவியை நானே புரோகிராம் எழுதிச் செய்ய ஆசை. நான் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். பைத்தான் கொஞ்சம் படித்திருக்கிறேன். நாகர்கோவிலில் மாணவர்களுக்கு ப்ராஜெக்ட் செய்துகொடுக்கும் ஒருவர், ராஸ்ப்பெர்ரி பை 5 வைத்த கிட் 18,500 ரூபாய் என்கிறார். பேரன் ஆர்டுயினோ ஊனோ போதும் என்கிறான். எதை வாங்குவது?

பதில்: இரண்டும் வேண்டாம் டீச்சர். நாம் எழுதும் புரோகிராமை ஓட்டும் ஈஎஸ்பி32 என்ற சின்ன போர்டை வாங்குங்கள். 500 ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். வைஃபை அதற்குள்ளேயே இருக்கிறது. மைக்ரோபைத்தான் என்று பைத்தானின் சிறிய வடிவம் ஒன்று உண்டு, அது இதில் ஓடும். நீங்கள் படித்தது வீணாகாது. பேரன் சொல்லும் ஊனோ கற்றுக்கொள்ள நல்ல போர்டுதான். ஆனால் பரவலாக விற்கும் ஊனோ ஆர்3-ல் வைஃபை கிடையாது, ராம் நினைவகம் 2 கிலோபைட்தான், பைத்தான் ஓடாது.

ராஸ்ப்பெர்ரி பை 5 ஒரு முழுக் கம்ப்யூட்டர். கேமராவில் ஆளை அடையாளம் காண வேண்டும் என்றால் நானே அதை வாங்கச் சொல்வேன். உங்களுக்கு வேண்டியது மழை பெய்ததா இல்லையா என்ற ஒரே சேதி. அதைவிட முக்கியம், அது வழக்கமாக மெமரி கார்டிலிருந்து இயங்குகிறது. அது கார்டில் தகவலை எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கார்டு கெட்டுப்போக வாய்ப்புண்டு. நம் மலையோர ஊர்களில் இடி இடித்தால் கரண்ட் எப்போது போகும் என்று உங்களுக்கே தெரியும். கருவி வேலை செய்ய வேண்டிய அந்த நேரம் பார்த்து அது படுத்துவிடும். ஈஎஸ்பி32-க்கு அந்தக் கவலை இல்லை. மின்சாரம் வந்ததும் தானே விழித்துக்கொள்ளும்.

சரி, 18,500 ரூபாய்க்கு வருவோம். இறுதியாண்டு ப்ராஜெக்ட்டைக் கடையில் வாங்கி, வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு முந்தின நாள் மனப்பாடம் செய்யும் பழக்கத்தில் வளர்ந்த வியாபாரம் இது. கல்லூரியில் 1980-இல் வந்த 8051 சிப்பை இன்னமும் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறார்கள். கையில் ஒரு போர்டைக் கொடுத்து ஒரு விளக்கை எரிய வை என்று சொல்ல ஆளில்லை. அப்புறம் பையன்கள் இவர்களிடம் போகாமல் வேறெங்கே போவார்கள்? இவர்கள் விலை உயர்ந்த போர்டைச் சொல்வது அதில் லாபம் அதிகம் என்பதால். பில் கேட்டால் முனகுவார்கள். புரோகிராமை மட்டும் தரவே மாட்டார்கள், நாளைக்கு ஒரு எழுத்தை மாற்ற வேண்டுமென்றாலும் நீங்கள் அவர் கடைக்குத்தான் போக வேண்டும். நீங்களே எழுத ஆசைப்படுகிறவர். அந்தக் கிட் உங்களுக்கு எதிரி.

அந்தக் கிட்டில் மழை சென்சார் என்று, வரிவரியாகச் செம்புக் கோடு போட்ட சின்னத் தகடு ஒன்று இருக்கும். அதை வாங்கவே வாங்காதீர்கள். எந்நேரமும் அதில் மின்சாரம் ஓடினால், ஈரத்தில் செம்பு அரித்துப் போகும். ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை என்றிருக்கும் நம் மாவட்டத்தில் அது எத்தனை நாள் தாங்கும்? பனி விழுந்தாலும் மழை என்று சொல்லும். அதற்குப் பதில் டிப்பிங் பக்கெட் மழைமானி வாங்குங்கள். உள்ளே குட்டித் துலாக்கட்டை ஒன்று இருக்கும். ஒரு பக்கம் நிறைந்ததும் சாய்ந்து கொட்டும், மறுபக்கம் நிறையத் தொடங்கும். ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு காந்த சுவிட்ச் தட்டும். ஒரு தட்டு என்பது பெரும்பாலும் 0.2, 0.3 மில்லிமீட்டர் மழை. புரோகிராம் எண்ணினால் போதும். எத்தனை தட்டு விழுந்தால் மரம் வெட்ட முடியாத அளவு நனையும் என்பதை வெட்டுக்காரரிடம் கேட்டு நீங்களே கண்டுபிடிக்க வேண்டும், மரத்தில் ரெயின் கார்டு (வெட்டும் இடம் நனையாமல் கட்டும் பிளாஸ்டிக் மறைப்பு) போட்டிருக்கிறீர்களா என்பதைப் பொறுத்து அது மாறும்.

சுவிட்சின் ஒரு வயரை போர்டின் கிரவுண்டிலும் இன்னொன்றை ஒரு பின்னிலும் (போர்டின் ஓரத்தில் எண் போட்டிருக்கும் ஊசிக்கால்) கொடுங்கள். 34 முதல் 39 வரையுள்ள பின்கள் வேண்டாம், இந்த வேலைக்குத் தேவையான உள் இணைப்பு அவற்றில் இல்லை. எண் போட்ட எந்தப் பின்னுக்கும் 5 வோல்ட் கொடுக்காதீர்கள்; 3.3 வோல்ட்தான் தாங்கும். வயர் நீளமாக வெளியே ஓட வேண்டாம், இடி மின்னல் வேலையைக் காட்டிவிடும்.

போர்டை கம்ப்யூட்டரில் செருகினதும் ஒன்றுமே நடக்கவில்லை என்றால் போர்டு போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் நிறைய நடமாடுகின்றன, அவற்றில் டேட்டா வயரே இருக்காது. முதலில் கேபிளை மாற்றுங்கள். வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் இருக்க வேண்டும், 5 கிகாஹெர்ட்ஸ் இதற்குத் தெரியாது.

இனி புரோகிராம். கணக்கு டீச்சரான உங்களுக்கு இது பிடிக்கும். மழை பெய்தால் தகவல் அனுப்பு என்று எழுதாதீர்கள். மழையில் கரண்ட் போய், ரூட்டர் அணைந்து, தகவல் வராமல் போனால், மழையில்லை என்று நினைத்து அவர் கிளம்பிவிடுவார். தலைகீழாக எழுதுங்கள்: தினமும் விடியுமுன் 3 மணிக்கு, மழை இல்லாவிட்டால் மட்டும் ‘மழையில்லை, வரலாம்’ என்று டெலிகிராம் ஆப்பில் அவர் போனுக்குப் போகட்டும். ஒன்றும் வரவில்லையா, அவர் போன் செய்து கேட்டுக்கொள்ளட்டும். நடு ராத்திரி கரண்ட் போய் வந்திருந்தால் அதுவரை எண்ணியது அழிந்திருக்கும். அன்றைக்கும் வாயை மூடிக்கொள் என்று சேர்த்து எழுதுங்கள். ரூட்டருக்கும் போர்டுக்கும் ஒரு மினி யூபிஎஸ் போட்டால் நல்லது.

தோட்டம் வீட்டை ஒட்டி இருப்பதால் மழைமானியை மொட்டைமாடியில் வையுங்கள். மரத்தடியில் வைத்தால் இலை தடுக்கும்.

வீடு தக்கலையிலும் தோட்டம் பேச்சிப்பாறைப் பக்கமும் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தப் பதில் பொருந்தாது. அங்கே மழை, இங்கே வெயில் என்பது நமக்குப் புதிதல்ல. தோட்டத்தில் வைஃபை இருக்காது. உடனே கடைக்காரர்கள் சிம் போடும் சிம்800 மாட்யூலை நீட்டுவார்கள்; அது 2ஜி மட்டும், ஜியோ சிம் அதில் வேலை செய்யாது. தோட்டத்துக்குப் பக்கத்திலேயே சொந்தக்காரர் வீட்டில் இன்டர்நெட் இருந்தால் தூரத்துக்குச் சின்னச் சேதி அனுப்பும் லோரா ரேடியோ இரண்டு வாங்கலாம். இந்தியாவில் அதற்குரிய அலைவரிசை 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ். 915 என்று எழுதியது அமெரிக்காவுக்கானது, மலிவு என்று அதைத் தள்ளிவிடுவார்கள், பெட்டியில் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். ஆன்டெனா மாட்டாமல் அதை இயக்கினால் ரேடியோ கெடக்கூடும்.

அந்த நாகர்கோவில்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் இன்றைக்கே திரும்பக் கேளுங்கள் டீச்சர்.