பொலிஸ் உத்தியோகத்தரின் உயிரைக் காப்பது எது? பயிற்சியா, கருவியா?

கேள்வி: "என் தம்பி பொலிஸ் சேவையில் சேரப்போகிறான். வீட்டில் எல்லோருக்கும் பயமாக இருக்கிறது. ஓர் உத்தியோகத்தரின் உயிரைக் காக்கவும் அவர் வேலையைத் திறமையாகச் செய்யவும் எந்தப் பயிற்சியும் எந்தத் தொழில்நுட்பமும் உண்மையில் உதவும்?"

நான் திருகோணமலையைச் சேர்ந்தவன். பொலிஸ் சேவையில் சார்ஜன்டாக இருந்து ஓய்வு பெற்றேன். போக்குவரத்துக் கடமையும் இரவு ரோந்தும்தான் என் சேவைக்காலத்தின் பெரும்பகுதி. எந்தக் கருவியைக் காட்டினாலும், எந்தப் பயிற்சியைச் சொன்னாலும் நான் கேட்பது ஒன்றுதான்: ஆபத்து கைக்கெட்டும் முன் இது அந்த மனிதருக்கு இரண்டு மூன்று வினாடிகளைக் கூடுதலாகக் கொடுக்குமா? கொடுக்கும் என்றால் வாங்குங்கள், பழகுங்கள். கொடுக்காவிட்டால் அது எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அலுமாரியில்தான் கிடக்கும்.

பொலிஸ்காரருக்கு ஆபத்து என்றவுடன் எல்லோருக்கும் துப்பாக்கிதான் ஞாபகம் வருகிறது. நான் முதலில் வீதியைத்தான் சொல்வேன். கந்தளாயிலிருந்து திருகோணமலைக்கு வரும் வீதியில் இரவு பதினொரு மணிக்கு வாகனச் சோதனை நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் வரும் லொறி ஒரு வினாடியில் 19 மீற்றர் ஓடிவிடும். சாரதி எதையோ கண்டு, அது என்னவென்று விளங்கி, காலை பிரேக்கில் வைப்பதற்கே ஏறத்தாழ ஒன்றரை வினாடி போய்விடும். அதற்குள் லொறி முப்பது மீற்றர் அளவுக்கு முன்னால் வந்திருக்கும். பிரேக் பிடிப்பதே அதற்குப் பிறகுதான். எங்கள் காக்கிச் சீருடையோ வீதியோரத்துச் செம்மண்ணின் நிறம். போதாக்குறைக்கு, பகல் வெயிலில் சூடேறிய தாரில் மாடுகள் வந்து படுத்துக்கொள்ளும். கந்தளாய், ஹபரணைப் பக்கம் யானையும் வரும். மாட்டைக் கண்டு சாரதி வண்டியை ஒடிக்கும் பக்கம் வீதியோரம்தான். அங்கேதான் எங்கள் ஆள் நிற்கிறார்.

ஆகவே முதல் செலவு வெளிச்சத்துக்கு. முன்னும் பின்னும் ஒளி தெறிக்கும் மேலங்கி, கையில் பிடிக்கும் சிவப்பு விளக்குக் கோல், எச்சரிக்கைக் கூம்புகள். அந்தக் கூம்புகளை உத்தியோகத்தரின் காலடியில் வைப்பதால் பயனில்லை. சாரதிக்கு யோசிக்க நேரம் கிடைக்குமளவு தூரத்தில், அவர் நிற்கும் இடத்துக்கு வெகு முன்பே வரிசையை ஆரம்பிக்க வேண்டும். நிறுத்திய இரண்டு வாகனங்களுக்கு நடுவில் ஒருபோதும் நிற்கக்கூடாது. பின்னால் வருகிற ஒன்று மோதினால் கால்கள் இரண்டும் நசுங்கிவிடும்.

நிறுத்தாமல் தப்பியோடும் மோட்டார் சைக்கிளுக்குக் குறுக்கே பாய்வதைச் சிலர் வீரம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. இலக்கத்தையும் நிறத்தையும் போன திசையையும் வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டால் போதும். நகரிலிருந்து கடற்கரை வழியாக மூதூர் போகிறவன் கிண்ணியாப் பாலத்தைக் கடந்துதான் ஆகவேண்டும். முன்னால் நிற்கும் குழு அவனுக்காக ஆயத்தமாகலாம். நல்ல வயர்லெஸ், அதற்கு எப்போதும் சார்ஜ் ஏற்றிய பற்றரி, கூடவே சுருக்கமாகப் பேசும் பழக்கம்: இந்த மூன்றும் எத்தனையோ எலும்பு முறிவுகளைத் தவிர்க்கும்.

ஜீப்பில் ஆசனப்பட்டி அணியாததற்கு எங்களவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம், அவசரத்தில் சட்டென்று இறங்க முடியாது என்பது. பட்டியைக் கழற்றியபடியே கதவைத் திறப்பதைப் பத்து நாள் பழகினால் கை தானாகச் செய்யும். அமெரிக்காவில் கடமையில் இறக்கும் பொலிஸாரின் எண்ணிக்கையை ஆண்டுக்கு நூறுக்குக் கீழே கொண்டுவர 2010 இல் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். அதில் ஐந்தே விதிகள்: பட்டி அணி, கவசம் அணி, வேகத்தைக் கவனி, இந்த நொடியில் எது முக்கியம் என்று கேள், அசட்டை கொல்லும் என்பதை மறக்காதே. துப்பாக்கிச் சூடு பற்றித் தனியாக ஒரு விதிகூட இல்லை.

அடுத்த ஆபத்து வீட்டு வாசல். எங்கள் சேவையில் கடமையின்போது உயிர் கொடுத்த முதல் உத்தியோகத்தர் என்று நினைவுகூரப்படுபவர் கான்ஸ்டபிள் சபான். மாவனல்லையில் சரதியேல் என்ற கொள்ளைக்காரனைப் பிடிக்கப் போன இடத்தில், 1864 மார்ச் 21 அன்று சுடப்பட்டு இறந்தார். ஆண்டுதோறும் அந்த நாளில்தான் பொலிஸ் வீரர் தினம் நடக்கிறது. அவரும் ஒரு வீட்டை வளைக்கப் போன இடத்தில்தான் விழுந்தார்.

ஒரு நாள் இரவு, நகருக்கு வெளியே ஒரு வீட்டில் தகப்பனுக்கும் மகனுக்கும் சண்டை என்று போனோம். என்னோடு வந்த இளம் கான்ஸ்டபிள் தென்பகுதிக்காரர். துணிச்சலானவர், நல்ல மனிதர், ஆனால் தமிழ் தெரியாது. தாய் தலையில் அடித்துக்கொண்டு கத்தினார்: "ஐயா, குசினிப் பக்கம் போகாதீர்கள், கோடரியோடு நிற்கிறான்!" கான்ஸ்டபிளுக்கு அழுகுரல் மட்டும் விளங்கியது. அந்த அம்மா உதவிக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக் குசினிப் பக்கமே திரும்பினார். இடுப்புப் பட்டியைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். ஆள் எங்கே நிற்கிறான், கையில் என்ன இருக்கிறது என்ற இரண்டும் அந்தத் தாயின் ஒரு வரியில் இருந்தன.

அரசியலமைப்பின்படி வடக்கிலும் கிழக்கிலும் தமிழும் நிர்வாக மொழி. மக்கள் தங்கள் மொழியில் முறைப்பாடு கொடுக்க உரிமை உள்ளவர்கள். அந்த உரிமைக்காக மட்டுமன்றி, உத்தியோகத்தரின் உயிருக்காகவும் இங்கே வருகிறவர் தமிழ் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன். வேற்றுமை உருபிலிருந்து தொடங்கத் தேவையில்லை. கத்தி, கோடரி, பெற்றோல், பின்பக்கம், பிள்ளை உள்ளே, மூச்சு இல்லை என்று மக்கள் அலறும் சொற்களை முதல் வாரத்திலேயே காதுக்குப் பழக்க வேண்டும். தெற்கே கடமைக்குப் போகும் தமிழ் இளைஞருக்குச் சிங்களமும் அப்படித்தான்.

கத்தியோடு நிற்பவனுக்கு எவ்வளவு தூரத்தில் நிற்பது? அமெரிக்காவின் சோல்ட் லேக் சிற்றி பொலிஸில் பயிற்றுநராக இருந்த டெனிஸ் ட்யூலர் 1983 இல் இதை எழுதினார். சாதாரண உடல்வாகுள்ள ஒருவன் 21 அடியை ஒன்றரை வினாடியளவில் ஓடிக் கடந்துவிடுவான். உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடவும் ஏறத்தாழ அதே நேரம் ஆகும். சிலர் இதை, 21 அடிக்குள் வந்தால் சுடலாம் என்ற அனுமதியாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது சொல்வது வேறு: தூரத்தை முதலிலேயே கூட்டு, நடுவில் மேசையோ மதிலோ ஜீப்போ இருக்கும்படி நில், பிறகு பேசு.

அந்தப் பேச்சையும் கற்பிக்க முடியும். மனநலம் குன்றியவர்களைக் கையாள அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1988 இல் உருவான முறையில் உத்தியோகத்தர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சி கொடுக்கிறார்கள். அதே நாட்டின் லூயிவில் நகரில், அவசரப்படாமல் தூரம் விட்டுப் பேசிப் பதற்றத்தைத் தணிக்கும் பயிற்சியை அளந்து பார்த்தபோது பலப்பிரயோகம் 28 சதவீதம் குறைந்தது. உத்தியோகத்தர்கள் காயப்படுவது 36 சதவீதம் குறைந்தது. மென்மையாகப் பேசினால் பொலிஸுக்கு ஆபத்து என்று வாதிடுகிறவர்கள் இந்த இரண்டாவது எண்ணைப் பார்க்க வேண்டும்.

கவச அங்கி பற்றியும் சொல்ல வேண்டும். 1965 இல் ஸ்டெஃபனி குவோலெக் கண்டுபிடித்த கெவ்லர் இழை ஆயிரக்கணக்கான உத்தியோகத்தர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் மென்மையான அங்கி கைத்துப்பாக்கி ரவைக்குத்தான், ரைபிள் ரவையைத் தாங்காது. ரவையைத் தடுக்கும் அங்கி கத்தியையும் தடுக்கும் என்று நம்பிவிடவும் கூடாது. குத்துக்கான அங்கி வேறு தரத்தில் செய்யப்படுகிறது. திருகோணமலையின் வெயிலில் வியர்வையில் ஊறிய அங்கியைக் கொடியில் காயப்போடுவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கெவ்லர் இழையை வெயிலின் புற ஊதாக் கதிர் பலவீனமாக்கிவிடும். உள்தகடுகளைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, நிழலில் தட்டையாக வைத்துக் காயவிட வேண்டும். வெளுக்கும் திரவம் படவே கூடாது. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் ஐந்து ஆண்டுகளுக்குத்தான் உத்தரவாதம் தருகிறார்கள் என்பதால், உள்ளே தைத்திருக்கும் திகதியைப் பாருங்கள். உடலுக்குப் பொருந்தாத அங்கியை யாரும் நாள் முழுவதும் அணியமாட்டார்கள். அளவெடுத்து வாங்குவது அவசியம்.

கை கால் காயத்தில் இரத்தம் பீறிட்டால் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடலாம். 1990 என்ற இலக்கத்தை அழைத்து அம்புலன்ஸ் வந்து சேரும்வரை தாக்குப்பிடிக்க, டோர்னிக்கே என்ற இறுக்குப் பட்டி ஒவ்வொரு உத்தியோகத்தரின் இடுப்பிலும் இருக்க வேண்டும். ஒரே கையால் தனக்குத் தானே கட்டிக்கொள்ளவும் பழக வேண்டும். உப்புவெளி, நிலாவெளிக் கரையில் யாராவது அலையில் சிக்கினால் சப்பாத்தோடு பாய்கிற பொலிஸ்காரர் இரண்டாவது ஆளாக மூழ்குவார். மிதவை கட்டிய எறிகயிறு ஒன்றை ஜீப்பில் வைத்திருந்தால் கரையில் நின்றே காப்பாற்றலாம்.

சீருடையில் அணியும் உடல் கமராவைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. கலிபோர்னியாவின் ரியால்ட்டோ நகரில் 2012 இல் தொடங்கிய ஓராண்டுப் பரிசோதனையில் பொலிஸ் மீதான முறைப்பாடுகள் 24 இலிருந்து 3 ஆகக் குறைந்தன. உலகமே கமரா வாங்கப் புறப்பட்டது. பிறகு அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 2,000 க்கும் மேற்பட்ட உத்தியோகத்தர்களை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2017 இல் வெளியானது. கமராவால் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. என் கணிப்பில், பயன் தருவது அதைச் சுற்றியுள்ள ஒழுங்குதான். எப்போது பதிவைத் தொடங்க வேண்டும் என்பதை அணிந்தவரின் விருப்பத்துக்கு விடக்கூடாது. பேச்சைத் தொடங்கும்போதே "பதிவாகிறது" என்று இரு மொழியிலும் சொல்ல வேண்டும். பதிவை அழிக்கும் அதிகாரம் அணிந்தவரிடமோ அவருடைய பொறுப்பதிகாரியிடமோ இருக்கக்கூடாது. மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பதிவுகளைப் போட்டுக் காட்டி, எங்கே தூரம் குறைந்தது, எந்தச் சொல்லில் ஆள் கொதித்தான் என்று பயிற்றுநர் பேச வேண்டும். இதற்கெல்லாம் ஆளும் பணமும் ஒதுக்க முடியாத நிலையம் கமராவுக்கான பணத்தில் மேலங்கியும் டோர்ச்சும் வயர்லெஸ் பற்றரியும் வாங்கட்டும்.